கஷாயம் உயிர் காக்குமா? சீன மூலிகை ஊசியின் கணக்கும் கடலூர் காய்ச்சலும்

கடலூர் மாவட்டத்தில் மழை ஓய்ந்து வெள்ளம் வடிந்ததும் காய்ச்சல் ஆரம்பிக்கும். கெடிலம், தென்பெண்ணை கரை என்றாலும் சரி, கொள்ளிடம், வீராணம் பக்கம் என்றாலும் சரி, இது இங்கே பழகிப்போன வரிசை. கூடவே பேருந்து நிலையத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் மேஜை போட்டு, பெரிய பாத்திரத்தில் நிலவேம்புக் குடிநீர் வைப்பார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "குடிச்சாச்சு, இனிமே பயமில்ல" என்று நடையைக் கட்டுபவர்கள் நம்மில் ஏராளம்.

அந்த ‘பயமில்ல’ எவ்வளவு தூரம் தாங்கும்? சாதாரண வைரஸ் காய்ச்சலைப் பற்றிய கேள்வி அல்ல இது. அது எதைக் குடித்தாலும், எதையுமே குடிக்காவிட்டாலும், பெரும்பாலும் ஒரு வாரத்தில் விட்டுவிடும். தொற்று முற்றி, ரத்த அழுத்தம் இறங்கி, ஐ.சி.யு.வில் படுத்திருக்கும் ஒருவருக்கு மூலிகை மருந்து உதவுமா என்பதுதான் கேள்வி. இதை ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து நேரடியாகச் சோதித்துப் பார்த்த நாடு சீனா. அங்கே கிடைத்த விடை நம் ஊருக்கும் உதவும், ஆனால் பலரும் நினைக்கிற விதத்தில் அல்ல.

‘ரத்தம் சுத்தமாகியே தீரும்’

மருந்தின் பெயர் ஷ்யூபிஜிங். ‘ரத்தம் சுத்தமாகியே தீரும்’ என்பது ஏறக்குறைய அதன் பொருள். பெயர் கொஞ்சம் ஓவர்தான். குசும்பாப் பூ, செம்பியோனி வேர், இவற்றோடு சீன மருத்துவத்தில் காலங்காலமாகப் பயன்படும் டான்ஷென், டாங்குயி, சுவான்ஷியோங் ஆகிய மூன்று வேர், கிழங்குகள் என மொத்தம் ஐந்து மூலிகைகளின் சாறு அது. பழைய கஷாயம் ஒன்றை அடிப்படையாக வைத்து, தியான்ஜின் நகரின் தீவிர சிகிச்சை மருத்துவர் வாங் ஜிண்டா 1970-களில் இதற்கான வேலையைத் தொடங்கினார். 2004-ல் சீன அரசு அனுமதி கொடுத்தது. இதைக் குடிக்க முடியாது. நரம்பு வழியாக ஏற்றும் ஊசி மருந்து இது.

கொடுப்பது செப்சிஸ் நோயாளிகளுக்கு. நம் ஊரில் "ரத்தத்துல கிருமி கலந்துடுச்சு, காப்பாத்த முடியல" என்று சொல்கிறோமே, பல நேரங்களில் அது செப்சிஸ்தான். காலில் பட்ட புண், சிறுநீர்த் தொற்று, நிமோனியா, எலிக்காய்ச்சல் என எதில் வேண்டுமானாலும் இது ஆரம்பிக்கலாம். கிருமியை எதிர்க்க உடல் தொடங்கும் போர் கட்டுப்பாட்டை இழந்து, சொந்தச் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் இதயத்தையுமே தாக்கத் தொடங்கும் நிலை அது. 2017-ல் மட்டும் உலகில் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்திருக்கலாம், அவர்களில் 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பது ‘லான்செட்’ இதழில் வெளியான மதிப்பீடு.

சீனாவின் 45 இடங்களில் செப்சிஸ் நோயாளிகள் 1,817 பேரைச் சேர்த்தார்கள். யாருக்கு மூலிகை ஊசி, யாருக்கு வெறும் உப்புநீர் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். யார் எந்தப் பிரிவு என்று நோயாளிக்கும் தெரியாது, சிகிச்சை தரும் மருத்துவருக்கும் தெரியாது. ஐந்து நாள் மருந்து. 28-வது நாளில் ஒரே ஒரு கேள்வி: ஆள் உயிரோடு இருக்கிறாரா?

2023-ல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் முடிவு வந்தது. உப்புநீர் பிரிவில் 26.1 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மூலிகை ஊசி பிரிவில் 18.8 சதவீதம். நூறு பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஏழு பேர் பிழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். செப்சிஸில் இது சின்ன எண்ணிக்கை அல்ல. இதற்கு முன்பு, கடுமையான நிமோனியா நோயாளிகள் 710 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியான சோதனையிலும் இதே திசையில்தான் முடிவு இருந்தது: ஒரு பக்கம் 24.6 சதவீதம் மரணம், மருந்து ஏற்றிய பக்கம் 15.9 சதவீதம்.

"பார்த்தீங்களா, மூலிகைதான் ஜெயிச்சுது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

ஜெயித்தது எது?

இரண்டு பிரிவினருக்குமே ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது. ஆக்சிஜன், குளுக்கோஸ், தேவைப்பட்டவர்களுக்கு வென்டிலேட்டர் என வழக்கமான சிகிச்சை எல்லாமே இரண்டு பக்கமும் நடந்தது. மூலிகை ஊசி அதற்கு மேல் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு மூலிகை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆய்வில் விடையே கிடையாது. அப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது.

இன்னொரு சந்தேகமும் நியாயமானதே. மருந்துக்கு நிறம் உண்டு, உப்புநீருக்குக் கிடையாது. எவ்வளவுதான் மறைத்தாலும் வார்டில் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்குமா? அதோடு பெரிய சோதனைகள் எல்லாம் சீனாவுக்குள்ளேயே நடந்தவை. வேறு நாட்டு மருத்துவமனைகளில், வேறு கிருமிகளோடு, வேறு கைகள் இதைச் செய்து பார்த்து அதே முடிவு வந்தால்தான் உலகம் நம்பும்.

இது மூலிகை மீதான ஓரவஞ்சனை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கதையைப் பாருங்கள். ‘சைக்ரிஸ்’ என்ற செப்சிஸ் ஊசி 2001-ல் பெரும் ஆரவாரத்தோடு வந்தது. உயிரித் தொழில்நுட்பத்தில் தயாரானது, விலை மிகமிக அதிகம். 1,690 பேரிடம் நடந்த சோதனையில் மரணம் 30.8 சதவீதத்திலிருந்து 24.7 ஆகக் குறைந்தது. கிட்டத்தட்ட ஷ்யூபிஜிங் காட்டிய அதே அளவு வித்தியாசம்! பத்து வருடம் உலகம் முழுக்க அதைப் பயன்படுத்தினார்கள். பிறகு இரண்டாவதாக ஒரு பெரிய சோதனை நடந்தது. மருந்து ஏற்றியவர்களில் 26.4 சதவீதம் பேர் இறந்தார்கள், ஏற்றாதவர்களில் 24.2 சதவீதம். பலன் எதுவும் தெரியவில்லை. 2011-ல் நிறுவனமே மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆக, ஆங்கில மருந்தோ, சீன மருந்தோ, சித்த மருந்தோ, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு, எத்தனை தடவை?

இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கிய சீன மூலிகையும் உண்டு. து யூயூ என்ற விஞ்ஞானி, மலேரியாவுக்கு மருந்து தேடிப் பழைய சுவடிகளைப் புரட்டினார். 4-ம் நூற்றாண்டு நூல் ஒன்றில், குறிப்பிட்ட ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. அந்த ஒரு வரிதான் பொறி. சூட்டில் மருந்துச் சத்து கெட்டுப்போகிறது என்று புரிந்து, குறைந்த வெப்பத்தில் சாற்றைப் பிரித்தார். அதிலிருந்து வந்ததுதான் ஆர்டிமிசினின். 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நோயாளியின் உயிரை வைத்துப் பார்த்தால், 2005-ல் வெளியான சோதனைதான் முக்கியம். இந்தியா, வங்கதேசம், மியான்மர், இந்தோனேசியாவில் கடும் மலேரியா நோயாளிகள் 1,461 பேரிடம், பழைய குயினைனோடு ஒப்பிட்டு, ஆர்டிமிசினினிலிருந்து செய்த ஆர்டிசுனேட் ஊசி பரிசோதிக்கப்பட்டது. குயினைன் பிரிவில் 22 சதவீதம் மரணம், ஆர்டிசுனேட் பிரிவில் 15. அடுத்து ஆப்பிரிக்காவில் 5,425 குழந்தைகளிடம் நடந்தது, அங்கேயும் ஆர்டிசுனேட்டே முந்தியது. இன்று இந்தியாவில் கடும் மலேரியாவுக்கு அரசு நெறிமுறையே ஆர்டிசுனேட்டைத்தான் சொல்கிறது. அதை ‘சீன வைத்தியம்’ என்று யாரும் சொல்வதில்லை. மருந்து, அவ்வளவுதான்.

நம்ம நிலவேம்பு எங்கே நிற்கிறது?

சுவாரசியமான விஷயம், நிலவேம்பு சீனாவுக்கும் தெரிந்த செடி. அங்கே அதன் பெயர் சுவான்சின்லியன். அதிலுள்ள ஆன்ட்ரோகிராஃபோலைடு என்ற கசப்புச் சத்தை எடுத்து, வேதியியல் மாற்றம் செய்து, ‘ஷியான்பிங்’ என்ற பெயரில் ஊசி மருந்தாகவே விற்கிறார்கள். 2017 செப்டம்பரில் அந்த ஊசி போட்ட பலருக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்ததால், குறிப்பிட்ட தொகுப்புகளைத் திரும்பப் பெறச் சீன அரசு உத்தரவிட்டது. மூலிகை என்றால் பக்கவிளைவே கிடையாது என்பது நரம்பில் ஏற்றும்போது செல்லாத வாதம்.

நம் குடிநீர் நிலவேம்பு மட்டும் அல்ல. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு எல்லாம் சேர்ந்த ஒன்பது சரக்குகளின் கூட்டு. 2012 டெங்குப் பரவலின்போது தமிழக அரசு இதைப் பெரிய அளவில் கையில் எடுத்தது. அதிலிருந்து ஒவ்வொரு மழைக்காலமும் விநியோகம் உண்டு. 2017 அக்டோபரில், ஆய்வு முடிவுகள் வரும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டதும், அதைத் தொடர்ந்து எழுந்த சண்டையும் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் சத்தம் அதிகம், எண்கள் குறைவு.

எண்கள் அறவே இல்லாமலும் இல்லை. டெல்லியில் உள்ள சர்வதேச மரபுப்பொறியியல், உயிரித் தொழில்நுட்ப மையத்தின் விஞ்ஞானிகளும் சித்த ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, நிலவேம்புக் குடிநீர்ச் சரக்கின் சாறு டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களைக் கட்டுப்படுத்துவதை ஆய்வகத்தில் பார்த்தார்கள். நல்ல தொடக்கம். ஆனால் அது எத்தனாலில் எடுத்த சாறு, செல்களில் நடந்த சோதனை. பேருந்து நிலையத்தில் நாம் குடிப்பது தண்ணீரில் காய்ச்சி வடித்தது. வயிற்றுக்குள் போய், ஜீரணமாகி, ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது, அந்த அளவு வைரஸைத் தடுக்கப் போதுமா என்பது வேறு கேள்வி. கண்ணாடிக் குடுவையில் வைரஸைக் கொல்லும் பொருட்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. சோப்புத் தண்ணீர்கூடக் கொல்லும்.

கொரோனா காலத்தில் இடம் கபசுரக் குடிநீருக்கு மாறியது. 2020 மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களால் கடலூர் மாவட்டத்தில் தொற்று எண்ணிக்கை ஒரே நாளில் நூற்றைத் தாண்டியது நினைவிருக்கலாம். அப்போது வீட்டுக்கு வீடு அடுப்பில் இருந்தது பதினைந்து சரக்குக் கஷாயம். இதற்கும் சோதனை நடந்தது. சென்னையில் அறிகுறி இல்லாத 60 பேரிடம், வைட்டமின் சி, துத்தநாக மாத்திரையோடு ஒப்பிட்டு, வைரஸ் அளவு குறைகிறதா என்று பார்த்தார்கள். குறைந்ததாகவே முடிவு வந்தது. ஆனால் யாருக்கு எது கொடுக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்தே நடந்த சோதனை அது. அறிகுறியே இல்லாதவர்கள் எப்படியும் தேறிவிடுவார்கள். மூச்சுத் திணறலோடு வந்தவரை அது காப்பாற்றுமா என்பதை அந்த 60 பேர் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் மூலிகை ஆராய்ச்சி பற்றிப் பேசினால் கீழாநெல்லியை விட்டுவிட முடியாது. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானி எஸ்.பி.தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வென்ற பாருக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கீழாநெல்லிப் பொடியை 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. போலி மாத்திரை வைத்து, ஒப்பிட்டு, முறையாகச் செய்த ஆய்வு. அதனால்தான் மற்ற நாட்டினரும் அதைத் திரும்பச் செய்து பார்க்க முடிந்தது. தாய்லாந்தில் செய்தார்கள், அதே பலன் கிடைக்கவில்லை. செடியின் வகை வேறா, மண் வேறா, பறித்த பருவம் வேறா என்ற விவாதம் பல ஆண்டுகள் ஓடியது. பின்னர் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும், உறுதியான ஆதாரம் இல்லை என்றே சொன்னது. என்னைக் கேட்டால், பாத்திரம் பாத்திரமாகக் குடிநீர் ஊற்றியதைவிட, தோற்றுப்போன அந்த முயற்சிதான் தமிழ் மருத்துவத்துக்குப் பெரிய மரியாதை.

காய்ச்சல் விடும் நாள்தான் ஆபத்து

"எங்க வீட்ல எல்லாருக்கும் டெங்கு வந்துச்சு. நிலவேம்பு குடிச்சோம், நாலாம் நாள் காய்ச்சல் விட்டுடுச்சு." இதைச் சொல்லாத தெரு கிடையாது. பொய்யும் கிடையாது. ஆனால் டெங்கு இருக்கிறதே, அது காய்ச்சல் இறங்கும்போதுதான் தன் வேலையைக் காட்டும். பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடல் சூடு குறையும். பெரும்பாலானவர்கள் அத்தோடு தேறுகிறார்கள். சிலருக்கு அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் சரியத் தொடங்கும். கைகால் சில்லிட்டுப் போகும். "கஷாயம் வேலை செஞ்சுடுச்சு, உடம்பு ஜில்லுன்னு ஆயிடுச்சு" என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும் அந்த ஒரு ராத்திரிதான் உயிரைக் குடிக்கிறது.

சரியான நேரத்தில் சரியான அளவில் திரவம் ஏற்றினால் கடும் டெங்குவில்கூட நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே மரணம் நேரும். புது மருந்தெல்லாம் தேவையில்லை. நேரம்தான் தேவை.

எலிக்காய்ச்சலும் அப்படித்தான். வெள்ளம் வடிந்த வயலில், எலிச் சிறுநீர் கலந்த சேற்றில், காலில் வெட்டுக்காயத்தோடு நடவு செய்பவருக்கு வரும். கண் சிவந்து, ஆடுசதை வலியெடுத்து, பிறகு மஞ்சள் காமாலை. காமாலை என்றதும் நம் கை தானாகக் கீழாநெல்லிக்குப் போகும். அங்கே தேவைப்படுவது ஆன்டிபயாடிக்.

உண்ணிக் காய்ச்சல் எனும் ஸ்க்ரப் டைபஸ் இன்னும் ஏமாற்றுக்காரன். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது. அதனால் யாரும் சொல்லவும் மாட்டார்கள், பார்க்கவும் மாட்டார்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் விலை மலிவான டாக்ஸிசைக்ளின் போதும். முற்றினால் நுரையீரல், சிறுநீரகம் என்று வரிசையாகப் போகும்.

இந்த நோய்க்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு சோதனை போயிருக்கிறது. வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகள், கடும் ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகள் சுமார் 800 பேரை மூன்று பிரிவாக்கின. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின், இரண்டும் சேர்த்து. மரணம், நீடிக்கும் சிக்கல், விடாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள், தனி மருந்துப் பிரிவுகளில் 47, 48 சதவீதம். சேர்த்துக் கொடுத்த பிரிவில் 33 சதவீதம். 2023-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. இறப்பு எண்ணிக்கையில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆக, இப்படிப்பட்ட சோதனையெல்லாம் பணக்கார நாட்டுக்குத்தான் என்ற பேச்சு எடுபடாது.

சிதம்பரத்தில் செய்ய முடியாதா?

ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து, 2021-ல் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கைக்கு வந்த சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, மழைக்காலக் காய்ச்சலோடு வருபவர்களுக்குப் பஞ்சமில்லை. தமிழகத்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தா பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கிறது. சென்னையில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இருக்கிறது, தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஆள் உண்டு, நோயாளி உண்டு, மருந்தும் உண்டு.

செய்ய வேண்டியதும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. டெங்கு உறுதியானவர்களை முதல் மூன்று நாளுக்குள் சேர்த்து, எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை கொடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குக் குடிநீரைச் சேர்த்துக் கொடுத்து, எத்தனை பேர் ஆபத்துக் கட்டத்துக்குப் போகிறார்கள் என்று எண்ண வேண்டும். டெங்குவில் மரணம் குறைவு என்பதால் சில நூறு பேர் போதாது, ஆயிரக்கணக்கில் வேண்டும். அதனால் ஒரு ஊர் மட்டும் செய்யவும் முடியாது. கடலூர், சிதம்பரம், புதுச்சேரி, விழுப்புரம், தஞ்சாவூர் என்று கைகோக்க வேண்டும். ஒரே ஒரு நிஜமான சிக்கல், போலி மருந்து. நிலவேம்பின் கசப்பை எதைக் கொண்டு போலி செய்வது? பாகற்காய்ச் சாறும் தோற்றுப்போகும். ஒருவேளை மாத்திரையாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அப்போது, "கஷாயமும் மாத்திரையும் ஒண்ணா?" என்று சித்த மருத்துவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

அதுவரை குடிநீரைக் கொட்டிவிட வேண்டியதில்லை. விருப்பமிருந்தால் குடியுங்கள். கர்ப்பிணிகளும், சர்க்கரை நோய்க்கும் ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மருத்துவரிடம் கஷாயம் குடித்ததை மறைக்க வேண்டாம். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் அல்லது மூக்கில் ரத்தம், மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு, காய்ச்சல் விட்டும் எழுந்திருக்க முடியாத அசதி, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் எப்படியும் இரண்டு கேள்வி கேட்பார்கள், பதிலோடு போங்கள்: இன்றைக்குக் காய்ச்சலுக்கு எத்தனாவது நாள்? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார்?